கிறித்தவத்திலிருந்து விக்கா சமயத்திற்கு மாறுதல்

கிறித்தவத்திலிருந்து விக்கா சமயத்திற்கு மாறுதல் என்பது, கிறித்தவக் குடும்பத்தில் பிறந்து அச்சமய ஒழுக்கத்தில் வளர்ந்த ஒருவர், பல தெய்வங்களை ஏற்கும் விக்கா என்னும் புதிய சமய இயக்கத்தைத் தன் நம்பிக்கையாகக் கொள்வதைக் குறிக்கும். விக்கா 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் தோன்றியது. அது பரவிய ஐக்கிய இராச்சியம், ஐக்கிய அமெரிக்கா, கனடா, ஆத்திரேலியா ஆகிய நாடுகள் கிறித்தவப் பெரும்பான்மை கொண்டவையாக இருந்தன. ஆதலால் முதல் தலைமுறை விக்கர்களுள் பெரும்பாலோர் கிறித்தவப் பின்னணியிலிருந்தே வந்தனர். இம்மாற்றம் கோயிலை மாற்றிக்கொள்வதோடு முடிவதில்லை. கடவுள் ஒருவரா பலரா, கடவுள் ஆணா பெண்ணா, பாவம் என்பது யாது, இறப்பின் பின் என்ன என்னும் அடிப்படைக் கேள்விகளுக்கான விடைகளும் இதில் மாறுகின்றன.

சொற்பொருள்

விக்கா என்பது பழைய ஆங்கில மொழியில் சூனியக்காரனைக் குறித்த ஆண்பாற் சொல்லாகும். பெண்பாலுக்கு விச்சே என்னும் வடிவம் வழங்கியது. இச்சமயத்தைப் பின்பற்றுவோர் விக்கர் எனப்படுகின்றனர். சூனியக்காரி என்னும் பெயரையும் அவர்களுள் பலர் விரும்பியே ஏற்கின்றனர். தமிழில் சூனியம், பில்லி, ஏவல், செய்வினை ஆகியன பிறருக்குத் தீங்கு செய்யும் மந்திரத்தைக் குறிப்பன. விக்காவில் பிறருக்குத் தீங்கு செய்தல் விலக்கப்பட்டுள்ளது. எனவே இச்சொற்களைக் கொண்டு விக்காவை விளக்குவது பொருந்தாது. கிறித்தவத்திற்கு முற்பட்ட ஐரோப்பிய வழிபாடுகளை மீட்டெடுக்க முயலும் புதுப் பாகனியம் என்னும் பெரும் பிரிவினுள் விக்கா அடங்கும்.

வரலாற்றுப் பின்னணி

விக்காவை வெளியுலகுக்கு அறிமுகப்படுத்தியவர் செரால்டு கார்ட்னர் (1884 - 1964) என்னும் ஆங்கிலேயர் ஆவார். 1939 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நியூ பாரசுட்டுப் பகுதியில் இயங்கிய மறைவான குழு ஒன்றில் தாம் தீக்கை பெற்றதாக அவர் கூறினார். சூனியத்திற்கு எதிரான 1735 ஆம் ஆண்டுச் சட்டம் 1951 இல் நீக்கப்பட்டது. அதன்பின் 1954 இல் "இன்றைய சூனியம்" என்னும் பொருள்படும் தலைப்பில் அவரது நூல் வெளியானது. 1959 இல் இரண்டாவது விளக்க நூல் வெளிவந்தது.

கிறித்தவத்திற்கு முற்பட்ட வளமைச் சமயம் ஒன்று ஐரோப்பாவில் மறைவாக நீடித்து வந்தது என்றும், 16 - 17 ஆம் நூற்றாண்டுகளில் சூனியக்காரர் எனக் கொல்லப்பட்டோர் அச்சமயத்தினர் என்றும் எகிப்தியலாளரான மார்கரெட் மரே 1921 இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். கார்ட்னரின் கருத்துகள் இதனை அடியொற்றியவை. பிற்கால வரலாற்றாளர்கள் மரேயின் கருத்தை ஏற்கவில்லை. ரொனால்டு அட்டன் 1999 இல் வெளியிட்ட ஆய்வு, விக்கா பெரும்பாலும் 19, 20 ஆம் நூற்றாண்டுகளின் இலக்கியம், மறைஞானக் குழுக்கள், நாட்டார் வழக்காற்றியல் ஆகியவற்றிலிருந்து உருவான புதிய சமயம் என்பதை விரிவாகக் காட்டியது. ஐரோப்பியச் சூனிய வழக்குகளில் தொண்ணூறு இலட்சம் பேர் கொல்லப்பட்டனர் என்னும் பழைய கூற்றும் கைவிடப்பட்டுள்ளது. இன்றைய ஆய்வாளர்கள் அவ்வெண்ணிக்கையை ஏறத்தாழ 40,000 முதல் 50,000 வரை என மதிப்பிடுகின்றனர்.

1960களில் ரேமண்ட் பக்லாண்டு இச்சமயத்தை ஐக்கிய அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றார். இங்கிலாந்தில் அலெக்சு சாண்டர்சு மற்றொரு மரபை நிறுவினார். 1970களில் பெண்ணிய இயக்கத்தின் தாக்கத்தால் பெண் தெய்வத்தை மட்டும் முதன்மைப்படுத்தும் தயானிய மரபு தோன்றியது. 1979 இல் சுடார்காக்கு, மார்கோ அட்லர் ஆகிய இருவரின் நூல்கள் வெளிவந்தன. 1988 இல் இசுகாட்டு கன்னிங்காம் எழுதிய தனியர் கையேடு, குழு எதிலும் சேராமல் வீட்டிலேயே வழிபடும் முறையைப் பரவலாக்கியது.

தமிழ் நிலத் தொடர்புகள்

விக்காவின் தோற்றத்தோடு தொடர்புடைய இருவர் இளமையில் தமிழர் வாழும் பகுதிகளில் வாழ்ந்தனர் அல்லது பயணம் செய்தனர்.

கார்ட்னர் 1900 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து மஸ்கெலியாப் பகுதித் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பணி பயின்றார். 1910 இல் கொழும்பில் பிரீமேசன் அமைப்பில் சேர்ந்தார். 1911 இல் போர்னியோவுக்கும், பின்னர் மலாயாவுக்கும் சென்றார். மலாயாவில் இறப்பர்த் தோட்டத்திலும் அரசுச் சுங்கத் துறையிலும் பணியாற்றி 1936 இல் ஓய்வு பெற்றார். இலங்கை மலையகத் தோட்டங்களில் அக்காலத்தில் உழைத்தோர் இராமநாதபுரம், மதுரை, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, தஞ்சாவூர், சேலம் முதலிய பகுதிகளிலிருந்து கங்காணி முறையில் அழைத்துச் செல்லப்பட்ட தமிழர் ஆவர். அவர்கள் தம் ஊர்த் தெய்வங்களான மாரியம்மன், முனியாண்டி, மதுரைவீரன் ஆகியோரைத் தோட்டங்களில் நிறுவி வழிபட்டனர். எனினும் விக்காவின் சடங்கு நூல்களுக்கு அடிப்படையானவை ஐரோப்பிய மூலங்களே. பிரீமேசன் சடங்குகள், பொன் விடியல் என்னும் மறைஞானக் குழுவின் முறைகள், லீலண்டு 1899 இல் வெளியிட்ட "அராதியா" என்னும் நூல், அலிசுடர் குரோலியின் எழுத்துகள் ஆகியன அவற்றுள் முதன்மையானவை.

குரோலி (1875 - 1947) பிளைமவுத் சகோதரர் என்னும் கண்டிப்பான கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்தவர். 1901 இல் இலங்கைக்கு வந்து கண்டியில் தம் நண்பர் ஆலன் பென்னட்டுடன் யோகம் பயின்றார். பென்னட்டு அதற்கு முன் கொழும்பில் சேர். பொன்னம்பலம் இராமநாதனின் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்தவர். பென்னட்டு பின்னர்ப் பௌத்தத் துறவியானார். குரோலி அதே பயணத்தில் மதுரைக்கும் சென்றார். 1947 இல் கார்ட்னர் குரோலியை இங்கிலாந்தில் சந்தித்தார். விக்காவின் தொடக்ககாலச் சடங்குகளில் குரோலியின் வரிகள் பல இடம்பெற்றிருந்தன.

இராமநாதன் இதற்கு மறுதிசையில் பணியாற்றியவர். சைவரான அவர் மத்தேயு, யோவான் ஆகிய நற்செய்தி நூல்களுக்குச் சைவ ஞான நோக்கில் ஆங்கிலத்தில் விளக்கம் செய்தார். அவை முறையே 1898, 1902 ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. கிறித்தவத்தையும் கீழைச் சமயங்களையும் ஒரே வாழ்வில் இணைத்துப் பார்க்கும் முயற்சி அக்காலத்தில் இரு பக்கமும் நடந்தது என்பதற்கு இவை சான்றாகும்.

இறைக் கொள்கையில் ஏற்படும் மாற்றம்

கிறித்தவம் ஓரிறைக் கொள்கை உடையது. தந்தை, மகன், தூய ஆவி என மூன்று ஆட்களாக இருப்பினும் கடவுள் ஒருவரே என்பது அதன் அடிப்படை. வேறு தெய்வங்களை வணங்கலாகாது என்பது பத்துக் கட்டளைகளுள் முதலாவதாகும். ஆகவே விக்காவுக்கு மாறும் ஒருவர் கடக்க வேண்டிய முதன்மையான எல்லை இதுவே.

விக்காவில் ஒரே வகையான இறைக் கொள்கை இல்லை. பின்வருவன பரவலாகக் காணப்படுகின்றன:

இருதெய்வக் கொள்கை: கார்ட்னரின் மரபில் ஒரு பெண் தெய்வமும் ஓர் ஆண் தெய்வமும் வணங்கப்படுகின்றனர். பெண் தெய்வம் நிலவோடும், ஆண் தெய்வம் கதிரவனோடும் காட்டோடும் தொடர்புபடுத்தப்படுகின்றனர். நிலவின் வளர்தல், நிறைதல், தேய்தல் ஆகியவற்றுக்கு இணையாகப் பெண் தெய்வம் கன்னி, தாய், முதியவள் என மூன்று நிலைகளில் தோன்றுகிறாள். ஆண் தெய்வம் மானின் கொம்புகளோடு காட்டப்படுவதால் கொம்புடைய கடவுள் எனப்படுகிறார்.

மென்மையான பல தெய்வக் கொள்கை: ஐசிசு, தயானா, பிரிசித்து முதலிய எல்லாப் பெண் தெய்வங்களும் ஒரே பெருந்தேவியின் வடிவங்கள் என்றும், ஆண் தெய்வங்கள் அனைவரும் ஒரே கடவுளின் வடிவங்கள் என்றும் கொள்வது.

கடுமையான பல தெய்வக் கொள்கை: தெய்வங்கள் ஒவ்வொருவரும் தனித்தனி ஆளுமையும் விருப்பமும் உடைய வேறு வேறு தெய்வங்கள் என்று கொள்வது.

அனைத்திறைக் கொள்கை: இயற்கையே இறை என்றும், தெய்வப் பெயர்கள் அதனைச் சுட்டும் குறியீடுகள் என்றும் கொள்வது. கடவுளை உளவியல் உருவகமாக மட்டும் கருதுவோரும் இவ்வியக்கத்தில் உள்ளனர்.

கிறித்தவப் பின்னணியினர் பலர் முதலில் இருதெய்வ நிலையையோ மென்மையான பல தெய்வ நிலையையோ ஏற்கின்றனர். எல்லாம் ஒன்றின் வடிவங்களே என்னும் கருத்து, ஒரு கடவுளையே நம்பிப் பழகிய மனத்திற்கு எளிதில் இசைவதே இதற்குக் காரணமாகும். தமிழ் வாசகர்களுக்கு இவ்வேறுபாடு புதிதன்று. அம்மன் கோயில்கள் பல இருப்பினும் எல்லாம் ஒரே சக்தியின் வடிவங்கள் எனக் கூறுவோரும், தம் குலதெய்வம் பிற தெய்வத்தினின்றும் வேறானது எனக் கொள்வோரும் தமிழகத்தில் ஒரே ஊரில் வாழ்கின்றனர்.

பாவம், மீட்பு, மறுமை

விக்காவில் பிறவிப் பாவம், மீட்பர், நிலையான நரகம் ஆகிய கருத்துகள் இல்லை. எவருக்கும் தீங்கு விளையாத வரையில் ஒருவர் தம் விருப்பப்படி வாழலாம் என்பது அதன் அறநெறிச் சுருக்கமாகும். செய்த நன்மையோ தீமையோ மும்மடங்காகத் திரும்பும் என்னும் நம்பிக்கையும் பலரிடம் உண்டு. விக்கர் பலர் மறுபிறப்பை ஏற்கின்றனர். இக்கருத்துகள் இந்தியச் சமயங்களின் வினைக் கொள்கையை ஒத்திருப்பினும், பிறவியிலிருந்து விடுதலை பெறுதல் விக்காவின் நோக்கமன்று. இவ்வுலகிற்கு மீண்டும் வந்து அன்புக்குரியோருடன் கூடுதலே பேறு எனக் கருதப்படுகிறது.

வழிபாட்டு ஆண்டு

வழிபாடு பெரும்பாலும் நிலத்தில் வரையப்பட்ட வட்டத்தினுள் நடைபெறுகிறது. நான்கு திசைகளும் நிலம், நீர், தீ, காற்று ஆகிய பூதங்களும் அழைக்கப்படுகின்றன. நிறைநிலா நாட்களில் கூடுதலோடு, ஆண்டுச் சக்கரம் எனப்படும் எட்டு விழாக்கள் கொண்டாடப்படுகின்றன. அக்டோபர் 31 இல் சாவின், டிசம்பர் 21 அளவில் யூல், பெப்ரவரி 1 அல்லது 2 இல் இம்போல்க்கு, மார்ச்சு 21 அளவில் ஓசுடாரா, மே 1 இல் பெல்டேன், சூன் 21 அளவில் லித்தா, ஆகசுடு 1 இல் லூனசா, செப்டெம்பர் 22 அளவில் மேபன் ஆகியன அவையாகும். இந்நாட்கள் வட கோளத்திற்குரியவை. ஆத்திரேலியா போன்ற தென் கோள நாடுகளில் பலர் ஆறு மாதம் மாற்றிக் கொண்டாடுகின்றனர்.

இவற்றுள் சில கிறித்தவ நாட்களோடு அடுத்தடுத்து வருகின்றன. யூல் கிறித்துமசுக்கும், ஓசுடாரா உயிர்த்த ஞாயிறுக்கும், சாவின் அனைத்துப் புனிதர் நாளுக்கும் அருகில் அமைகின்றன. இதனால் மாறியவர்கள் குடும்பத்தாரோடு கிறித்துமசு விருந்தில் அமர்ந்து, தனியே யூல் வழிபாட்டையும் செய்தல் பொதுவான வழக்கமாக உள்ளது.

மாறுவதற்கான காரணங்கள்

ஆய்வாளர்களும் விக்கர்களின் தன்வரலாறுகளும் கூறும் காரணங்களுள் பின்வருவன முதன்மையானவை.

1. பெண்மையின் இடம்: கடவுளைத் தந்தை என்று மட்டும் அழைக்கும் வழிபாட்டில் தமக்கு இடமில்லை எனப் பெண்கள் பலர் உணர்ந்தனர். விக்காவில் பெண் தெய்வமும் பெண் பூசகரும் முதன்மை பெறுகின்றனர். கத்தோலிக்கப் பின்னணியினருள் சிலர், சிறுவயதில் மரியன்னையிடம் கொண்ட பற்றே தம்மைப் பெருந்தேவியிடம் இட்டுச் சென்றதாகக் கூறுகின்றனர்.

2. இயற்கை: மண்ணும் உடலும் புனிதமானவை என்னும் கொள்கை, 1960களுக்குப் பின் வளர்ந்த சுற்றுச்சூழல் உணர்வோடு இசைந்தது.

3. அச்சம்: நரகத்தைப் பற்றிய அச்சத்தோடு வளர்ந்தோருக்கு நரகமில்லாத ஒரு சமயம் விடுதலையாகத் தோன்றியது.

4. அதிகாரம்: விக்காவில் உலகளாவிய தலைமைப் பீடமோ கட்டாயமான விசுவாச அறிக்கையோ இல்லை.

இக்காரணங்கள் எல்லாருக்கும் பொருந்துவன அல்ல. தாம் வளர்ந்த திருச்சபை மீது மனக்கசப்பு ஏதுமின்றி, தெய்வங்கள் பலர் என்னும் பட்டறிவு தமக்கு வாய்த்ததாலேயே மாறியவர்களும் உளர்.

மாற்றம் நிகழும் முறை

கிறித்தவத்தில் மனமாற்றம் என்பது பெரும்பாலும் ஒரு நாள், ஒரு நேரம் எனச் சுட்டத்தக்க நிகழ்வாகப் பேசப்படுகிறது. விக்காவில் அவ்வாறன்று. மார்கோ அட்லர் தாம் கண்டறிந்தவர்களுள் பலர் தாங்கள் "மாறியதாக" ஒப்புக்கொள்ளவில்லை என்றும், வெகுநாள் பிரிந்திருந்த வீட்டுக்குத் திரும்பியது போன்ற உணர்வையே விவரித்தனர் என்றும் எழுதினார். தாம் சிறுவயது முதல் உணர்ந்தவற்றுக்குப் பெயர் கிடைத்தது என்பதே அவர்களது கூற்று.

மானிடவியலாளர் தான்யா லூர்மன் 1980களின் தொடக்கத்தில் இலண்டன் மந்திரக் குழுக்களிடையே களப்பணி செய்து 1989 இல் நூல் வெளியிட்டார். நம்பிக்கை முதலில் வந்து செயல் பின்னர் வருவதில்லை என்பது அவரது முடிவு. ஒருவர் ஆர்வத்தால் சடங்குகளில் பங்கேற்கிறார். பின்னர்ச் சிறு நிகழ்வுகளைப் புதிய சொற்களால் விளக்கத் தொடங்குகிறார். மெல்ல மெல்ல உலகைப் பார்க்கும் முறையே நகர்ந்துவிடுகிறது. இதனை அவர் பொருள்கொள்ளலில் ஏற்படும் நகர்வு என்னும் கருத்தாக்கத்தால் விளக்கினார்.

மரபுவழிக் குழுக்களில் சேர விரும்புவோர் ஓராண்டும் ஒரு நாளும் பயின்ற பின்னரே முதல் தீக்கை பெறுதல் வழக்கம். தீக்கை மூன்று படிகளை உடையது. தனியாக வழிபடுவோர் தம்மைத் தாமே தெய்வங்களுக்கு ஒப்படைக்கும் எளிய சடங்கைச் செய்கின்றனர். பெற்ற திருமுழுக்கை மறுக்க வேண்டும் என்னும் விதி விக்காவில் பொதுவாக இல்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் கோட்பாட்டின்படி திருமுழுக்கு அழியாத முத்திரையாதலின், மாறியவரும் திருச்சபையின் கணக்கில் திருமுழுக்குப் பெற்றவராகவே நீடிக்கிறார்.

இரண்டையும் விடாமல், இயேசுவையும் மரியாளையும் பிற தெய்வங்களோடு சேர்த்து வணங்குவோரும் உள்ளனர். இவர்கள் கிறித்துப் பாகனியர் எனப்படுகின்றனர். முதற் கட்டளையைச் சுட்டிக் கிறித்தவர்களும், விக்காவின் தனித்தன்மையைச் சுட்டி விக்கர் சிலரும் இந்நிலையை ஏற்பதில்லை.

எடுத்துக்காட்டு: டோரீன் வாலியண்டே

விக்காவின் வழிபாட்டு நூல்களுக்கு இன்றைய வடிவத்தைத் தந்தவருள் முதன்மையானவர் டோரீன் வாலியண்டே (1922 - 1999). இலண்டனை அடுத்த மிச்சம் என்னும் இடத்தில் பிறந்த இவர், கன்னியர் மடப் பள்ளியில் பயின்று, அப்பள்ளியை வெறுத்துத் தமது 15 ஆம் வயதில் வெளியேறினார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிளெச்சிலி பார்க்கில் பணியாற்றினார். 1953 இல் கார்ட்னரிடம் தீக்கை பெற்றார். கார்ட்னர் பழைமையானவை எனத் தந்த சடங்குகளில் குரோலியின் வரிகள் கலந்திருப்பதை வாலியண்டே கண்டுகொண்டு அவரிடமே கூறினார். பின்னர் அவற்றுட் பலவற்றை நீக்கி, தெய்வத்தின் கூற்றாக அமைந்த முதன்மை வழிபாட்டுரையைத் தாமே திருத்தி எழுதினார். கார்ட்னர் செய்தித்தாள்களில் விளம்பரம் தேடியதை எதிர்த்து 1957 இல் அவரிடமிருந்து பிரிந்தார். 1989 இல் வெளிவந்த நூலில் இவ்வரலாற்றை வெளிப்படையாகப் பதிவு செய்தார். 2013 இல் பிரைட்டன் நகரில் அவர் வாழ்ந்த கட்டடத்தில் நினைவுப் பலகை வைக்கப்பட்டது.

தாம் ஏற்ற சமயத்தின் நூல்கள் பழைமையானவை அல்ல என அறிந்த பின்னும் வாலியண்டே அச்சமயத்தை விடவில்லை. ஒரு சமயத்தின் மதிப்பு அதன் பழைமையைச் சார்ந்ததா, அது தரும் பட்டறிவைச் சார்ந்ததா என்னும் கேள்விக்கு அவரது வாழ்வு அடிக்கடி எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

குடும்பமும் சமூகமும்

மாறியவர்கள் எதிர்கொள்ளும் முதன்மையான குற்றச்சாட்டு சாத்தானை வழிபடுகின்றனர் என்பதாகும். கொம்புடைய கடவுளின் உருவமும் ஐங்கோண விண்மீன் குறியும் இவ்வையத்தை வளர்த்தன. சாத்தான் என்பது கிறித்தவ இறையியலுக்குரிய கருத்தாகும். விக்கர் அதனை ஏற்பதும் இல்லை, வணங்குவதும் இல்லை. சூனியக்காரியை உயிரோடு விடலாகாது எனப் பொருள்படும் யாத்திராகம நூலின் விதியும் விக்கருக்கு எதிராக எடுத்துக்காட்டப்படுகிறது. அவ்விடத்தில் வரும் எபிரேயச் சொல்லின் சரியான பொருள் குறித்து மொழிபெயர்ப்பாளரிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உள்ளது.

குடும்பத்தில் இச்சிக்கல் வாதத்தைக் கடந்தது. பிள்ளை நிலையான அழிவுக்குச் செல்கிறது என உண்மையாகவே நம்பும் பெற்றோருக்கு இது துயரமாகும். அத்துயரத்தை அறிந்தே பிள்ளைகள் பலர் ஆண்டுக்கணக்கில் தம் நம்பிக்கையை மறைக்கின்றனர். திருமணம், குழந்தையின் திருமுழுக்கு, பெற்றோரின் இறுதிச் சடங்கு ஆகிய நிகழ்வுகளில் மறைத்தது வெளிப்படுகிறது. மாறிய பின்னும் நரக அச்சம் சில ஆண்டுகள் தொடர்வதாகவும், நெருக்கடி நேரங்களில் பழைய செபமே வாயில் வருவதாகவும் தன்வரலாறுகள் பல குறிப்பிடுகின்றன. திருச்சபைக்கே திரும்பியவர்களும் உண்டு.

சட்டநிலையும் எண்ணிக்கையும்

ஐக்கிய அமெரிக்காவில் சிறைக்கைதி ஒருவர் தொடுத்த வழக்கில், விக்கா அரசியலமைப்பின் பாதுகாப்புக்குரிய சமயமே என்பதை மேன்முறையீட்டு நீதிமன்றம் 1986 இல் ஏற்றுக்கொண்டது. எனினும் அவர் கேட்ட வழிபாட்டுப் பொருட்களைச் சிறையினுள் வைத்திருக்க அனுமதி கிடைக்கவில்லை. 2007 ஆம் ஆண்டில், இறந்த படைவீரர்களின் கல்லறைக் கற்களில் பொறிக்க ஏற்கப்பட்ட சமயக் குறிகளுள் ஐங்கோண விண்மீனும் சேர்க்கப்பட்டது.

இங்கிலாந்து, வேல்சு ஆகியவற்றின் 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 11,766 பேர் தம் சமயத்தை விக்கா என்றும், 56,620 பேர் பாகனியம் என்றும் எழுதினர். 2021 இல் இவ்வெண்ணிக்கைகள் முறையே ஏறத்தாழ 13,000, 74,000 ஆக இருந்தன. அமெரிக்கச் சமய அடையாள ஆய்வு, அந்நாட்டு விக்கர்களை 1990 இல் 8,000 என்றும், 2001 இல் 134,000 என்றும், 2008 இல் 342,000 என்றும் மதிப்பிட்டது.

இந்தியாவில் அரசியலமைப்பின் 25 ஆம் உறுப்பு மனச்சான்றுரிமையை உறுதி செய்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் விக்காவுக்குத் தனி வகை இல்லை. ஆறு பெரும் சமயங்களுள் அடங்காதவை "பிற சமயங்கள்" என்னும் தலைப்பில் சேர்க்கப்படுகின்றன. 2011 இல் இத்தலைப்பில் ஏறத்தாழ 79 இலட்சம் பேர் இருந்தனர். சமயம் மாறியதால் ஒருவர் சொத்துரிமையை இழக்கலாகாது என்பதை 1850 ஆம் ஆண்டுச் சாதிக் குறைபாடுகள் நீக்கச் சட்டம் வகுத்தது. 1955 ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம் இசுலாமியர், கிறித்தவர், பார்சி, யூதர் அல்லாத பிறரையும், மாறாக மெய்ப்பிக்கப்படாத வரையில், தன்னுள் அடக்குகிறது. சமயம் சாராத பதிவுத் திருமணத்திற்கு 1954 ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம் வழி செய்கிறது. தமிழ்நாட்டில் 2002 இல் கொண்டுவரப்பட்ட கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004 இல் நீக்கப்பட்டது.

இந்தியாவில்

இந்தியாவில் விக்காவை வெளிப்படையாக ஏற்றவருள் முதன்மையானவர் கொல்கத்தாவைச் சேர்ந்த இப்சிதா ராய் சக்ரவர்த்தி ஆவார். 1980களில் தம்மை விக்கச் சூனியக்காரி என அறிவித்த இவர் தன்வரலாறு உள்ளிட்ட நூல்களை எழுதியுள்ளார். சூனியக்காரி எனப் பட்டம் சூட்டிப் பெண்களைத் துன்புறுத்துவதற்கு எதிராகவும் பேசி வந்துள்ளார். இத்துன்புறுத்தலைத் தடுக்கப் பீகார் 1999 இலும், சார்க்கண்டு 2001 இலும், சத்தீசுகர் 2005 இலும், ஒடிசா 2013 இலும், இராசசுத்தான் 2015 இலும் சட்டங்களை நடைமுறைப்படுத்தின. ஐரோப்பாவில் சூனியக்காரி என்னும் சொல்லைப் பெருமையோடு சூடிக்கொள்ள இயலும் நிலையில், இந்தியச் சிற்றூர்களில் அதே சொல் உயிருக்கு இடர் விளைவிக்கிறது என்பது கவனிக்கத்தக்கது.

விக்கா தோன்றுவதற்கு முன்னரே இத்தகைய மாற்றத்திற்கு இந்தியாவில் எடுத்துக்காட்டு உண்டு. அயர்லாந்தில் கிறித்தவப் போதகர் ஒருவரின் மகளாகப் பிறந்த மார்கரெட் எலிசபெத் நோபிள் (1867 - 1911), இளமையிலேயே தம் சமயக் கோட்பாடுகளில் ஐயம் கொண்டார். 1895 இல் இலண்டனில் விவேகானந்தரைச் சந்தித்தார். 1898 இல் கல்கத்தாவுக்கு வந்து தீக்கை பெற்று நிவேதிதை ஆனார். 1899 பெப்ரவரி 13 இல் அந்நகரில் காளி வழிபாட்டைப் பற்றி உரையாற்றினார். 1900 இல் அன்னை காளியைப் பற்றிய அவரது நூல் வெளிவந்தது. சுப்பிரமணிய பாரதியார் 1908 இல் வெளியிட்ட "சுதேச கீதங்கள்" நூலை அவருக்கே காணிக்கையாக்கினார்.

இராமநாதபுரக் கரையோரம்

இராமநாதபுரப் பகுதியின் சமய வரலாறு, இம்மாற்றத்தைத் தமிழ்ச் சூழலில் வைத்துப் பார்க்க உதவுகிறது. 16 ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக் கரையோரத்தில் கத்தோலிக்கம் பரவியது. 1549 இல் மண்டபம் அருகிலுள்ள வேதாளையில் இயேசு சபைக் குரு அந்தோனியோ கிரிமினாலி கொல்லப்பட்டார். மறவர் நாட்டில் பணியாற்றிய அருளானந்தர் என்னும் ஜான் தே பிரிட்டோ 1693 பெப்ரவரி 4 இல் ஓரியூரில் தலை வெட்டிக் கொல்லப்பட்டார். தடியத்தேவர் கிறித்தவரானதும், ஒரு மனைவியைத் தவிர ஏனையோரை விலக்கியதும், விலக்கப்பட்டவருள் ஒருவர் சேதுபதியின் உறவினராக இருந்ததும் இதற்குக் காரணமாயின. சமய மாற்றம் ஒருவரின் உள்ளத்தோடு நில்லாமல், மணம், உறவு, அரசு ஆகியவற்றையும் தொடும் என்பதற்கு இது வலிமையான சான்றாகும். இன்று ஓரியூர்த் திருத்தலத்திற்குக் கிறித்தவர் அல்லாதோரும் செல்கின்றனர்.

இம்மாவட்டத்தின் அபிராமம், கமுதி, முதுகுளத்தூர் ஆகிய உட்பகுதிகளில் ஐயனார், கருப்பசாமி, காளியம்மன் முதலிய தெய்வங்களின் வழிபாடு தொடர்ந்து வழக்கில் உள்ளது. ஐரோப்பியக் கிறித்தவர் ஒருவருக்குப் பல தெய்வங்கள் என்பன நூல்களிலும் அருங்காட்சியகங்களிலும் இருந்து மீட்கப்பட வேண்டியவை. தமிழகத்துக் கிறித்தவர் ஒருவருக்கோ அவை அடுத்த தெருவில் பொங்கல் வைத்து வணங்கப்படுபவை, பெரும்பாலும் தம் முன்னோர் ஒரு காலத்தில் வணங்கியவை. எனவே ஐரோப்பாவில் விக்கா நிறைவு செய்யும் தேவைக்குத் தமிழகத்தில் உயிருள்ள மரபுகள் ஏற்கெனவே விடையாக இருக்கின்றன. அதே வேளையில், அம்மரபுகளில் சேர்தல் குலம், ஊர், சாதி ஆகியவற்றோடு பிணைந்தது. பிறப்பைக் கேளாமல் எவரையும் ஏற்கும் விக்கா இவ்வகையில் வேறுபடுகிறது.

திறனாய்வுகள்

கிறித்தவ இறையியலாளர்கள், படைத்தவரை விடுத்துப் படைப்பை வணங்கும் நிலை என விக்காவை மறுக்கின்றனர். வரலாற்றாளர்கள் அதன் பழைமைக் கூற்றுகளை மறுத்துள்ளனர். விக்கர்களுள் கணிசமானோர் இம்முடிவை ஏற்றுக்கொண்டு, புதிய சமயமாக இருப்பதில் இழுக்கில்லை என்கின்றனர். காளி முதலிய இந்தியத் தெய்வங்களை அவற்றின் மரபிலிருந்து பிரித்தெடுத்து விக்கச் சடங்குகளில் பயன்படுத்துவது பற்றியும் கண்டனம் எழுந்துள்ளது. கிறித்தவத்தின் மீதான சினம் மட்டுமே ஒருவரைப் பல தெய்வ வழிபாட்டில் நிலைநிறுத்தாது என்பதை விக்கக் குருமார் பலரும் வலியுறுத்துகின்றனர். விட்டுவந்த சமயத்தோடு அமைதி கொண்ட பின்னரே புதிய சமயம் வேரூன்றும் என்பது அவர்களது கருத்தாகும்.

இவற்றையும் பார்க்க

புதுப் பாகனியம்
பல தெய்வக் கொள்கை
செரால்டு கார்ட்னர்
சகோதரி நிவேதிதை
ஜான் தே பிரிட்டோ
நாட்டார் தெய்வங்கள்